குவாங்சூ வரை போனவர்கள்

2024 செப்டம்பர் 5 அன்று பெய்ஜிங்கில் நடந்த வழக்கமான செய்தியாளர் சந்திப்பில், சீன வெளியுறவுத் துறையின் செய்தித் தொடர்பாளர் மாவோ நிங் ஒரு கேள்விக்குப் பதில் சொன்னார். இனி சீனக் குழந்தைகளை வெளிநாட்டவர் தத்தெடுக்க முடியாது; மூன்று தலைமுறைக்குள் இரத்த உறவு உள்ளவர்களுக்கும், வாழ்க்கைத்துணையின் பிள்ளையைத் தத்தெடுப்பவர்களுக்கும் மட்டும் விலக்கு உண்டு. 1992இல் தொடங்கி ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளைப் பல நாடுகளுக்கு அனுப்பிய ஏற்பாடு அத்தோடு முடிந்தது. அவர்களில் 82,000க்கும் மேற்பட்டவர்கள் போய்ச் சேர்ந்தது அமெரிக்காவுக்கு.

அதைப் பற்றி அப்போது வந்த கட்டுரைகள் பெரும்பாலும், குடும்பத்துக்கு ஒரே குழந்தை என்ற சீனாவின் ‘ஒரு குழந்தைக் கொள்கை’யைப் பற்றிப் பேசின. சில, அமெரிக்க - சீன உறவைப் பற்றிப் பேசின. இரண்டும் வேண்டியவைதான். ஆனால், இந்த ஏற்பாட்டின் நடுவே ஒரு பயணம் இருந்தது. அமெரிக்கத் தம்பதி ஒன்று, சில சமயம் மூத்த பிள்ளைகளையும் பாட்டியையும் கூட்டிக்கொண்டு, சீனாவுக்கு விமானம் ஏறி, ஏறக்குறைய இரண்டு வாரம் தங்கி, ஒரு குழந்தையோடு திரும்பும். முப்பது ஆண்டுகளில் பல்லாயிரம் குடும்பங்கள் கிட்டத்தட்ட ஒரே பாதையில் போய்வந்தன. முதலில் ஒரு மாகாணத் தலைநகர், பிறகு தென் சீன நகரமான குவாங்சூ, பிறகு வீடு. இந்தப் பாதை ஏன் இப்படி அமைந்தது என்று பார்த்தால், அதில் எதைப் பார்க்க முடிந்தது, எது கண்ணில் படவே இல்லை என்பதும் விளங்கும்.

முதல் கேள்வி, ஏன் நேரில் போக வேண்டும் என்பது. நேரில் போகாமலும் வெளிநாட்டுத் தத்தெடுப்பு நடந்திருக்கிறது. 1950களிலிருந்து தென் கொரியா அனுப்பிய குழந்தைகளில் மிகப் பலர், வழித்துணையாக வந்த யாரோ ஒருவரின் மடியில் உட்கார்ந்து பறந்தவர்கள். பெற்றோர் அமெரிக்க விமான நிலைய வாசலில் கையில் ஒரு புகைப்படத்தோடு காத்திருப்பார்கள். பிறந்த நாட்டைக் கண்ணால் பார்க்காமலேயே அங்கிருந்து வந்த பிள்ளையை வளர்த்தவர்கள் ஏராளம். கொரியாவிலேயே 2012இல் சட்டம் மாறி, நீதிமன்ற அனுமதி கட்டாயமான பிறகுதான் அந்த வழக்கம் முடிவுக்கு வந்தது.

சீனா தொடக்கத்திலிருந்தே வேறு வழியில் போயிற்று. தத்தெடுக்கும் வெளிநாட்டவர் தாமே சீனாவுக்கு வந்து பதிவு செய்ய வேண்டும். தம்பதி என்றால் இருவரும் வர வேண்டும். ஒருவரால் முடியாவிட்டால் நோட்டரி சான்றுடன் அதிகாரப் பத்திரம் கொடுத்தனுப்ப வேண்டும். 1999 மே மாதம் வந்த விதிகள் இதைத் தெளிவாகவே எழுதி வைத்தன. பதிவு எங்கே என்பதையும் அதே விதி சொன்னது: குழந்தையின் நிரந்தர முகவரி எந்த மாகாணமோ, அந்த மாகாண அரசின் குடிமை விவகாரத் துறையில். பார்வைக்குச் சின்ன நிர்வாக விவரம்தான். ஆனால் மொத்தக் கதையின் முடிச்சும் அதில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு.

அமெரிக்கத் தரப்பிலும் இருவரும் போவதற்கு ஒரு தூண்டுதல் இருந்தது. 2001 பிப்ரவரி 27 அன்று நடைமுறைக்கு வந்த குழந்தைக் குடியுரிமைச் சட்டத்தின்படி, வெளிநாட்டிலேயே தத்து முழுமையாக முடிந்து, அதற்குரிய விசாவில் வரும் குழந்தை அமெரிக்க மண்ணை மிதித்ததும் குடிமகளாகிவிடும். 2008க்கு முந்திய நடைமுறையில் அந்த விசா கிடைக்க, தத்து முடிவதற்குள் பெற்றோர் இருவருமே குழந்தையை நேரில் பார்த்திருக்க வேண்டும். ஒருவர் மட்டும் போனால் விசா வகை மாறும். ஊர் திரும்பிய பின் மாநில நீதிமன்றத்தில் மறுபடியும் ஒரு சுற்று. விமானச் செலவு கூடினாலும் பரவாயில்லை, இருவரும் போய்விடலாம் என்று பலர் முடிவெடுத்ததற்குப் பாசம் மட்டும் காரணமல்ல.

குடும்பத்தோடு போகும் வழக்கம் பரவியதற்கும் சட்டத்தில் காரணம் உண்டு. 1992 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த முதல் சட்டம், தத்தெடுப்பவருக்கு 35 வயது ஆகியிருக்க வேண்டும், பிள்ளை இருக்கக் கூடாது என்றது. பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கும் ஊனமுற்ற குழந்தைகளுக்கும் மட்டும் விலக்கு. ஆகவே முதல் சில ஆண்டுகளில் போனவர்கள் பெரும்பாலும் நடுத்தர வயதைத் தொட்ட, குழந்தையில்லாத தம்பதிகள். திருமணமாகாத பெண்களும் கணிசமாகப் போனார்கள். 1999 ஏப்ரலில் திருத்தம் வந்தது. வயது 30 ஆகக் குறைந்தது. காப்பகத்தில் வளரும், கைவிடப்பட்ட குழந்தையை எடுப்பவருக்கு ஏற்கெனவே பிள்ளைகள் இருந்தாலும் தடையில்லை என்றாயிற்று. அதற்குப் பிறகுதான் ஏழு வயது அண்ணன்களும் பத்து வயது அக்காக்களும் பள்ளிக்கு விடுப்பு போட்டுவிட்டு சாங்ஷா, நான்சாங் போன்ற மாகாணத் தலைநகரங்களுக்குப் போக ஆரம்பித்தார்கள்.

மூத்த பிள்ளையைக் கூட்டிப் போகலாமா வேண்டாமா என்பது இந்தக் குடும்பங்களுக்கிடையே ஓயாத விவாதம். செலவு ஒருபுறம். ஹோட்டல் அறையில் அலறும் குழந்தையையும் ‘எப்போ வீட்டுக்குப் போவோம்’ என்று நச்சரிக்கும் பிள்ளையையும் ஒரே நேரத்தில் சமாளிப்பது இன்னொருபுறம். மறுபக்கத்தில், பெரியவர்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் குழந்தை, தன்னைவிட ஓரிரு அடி மட்டும் உயரமான ஒருவன் தரையில் உட்கார்ந்து பந்தை உருட்டினால் மெல்ல அருகில் வந்ததைப் பல பெற்றோர் சொல்லியிருக்கிறார்கள். காப்பகத்தில் வளர்ந்த குழந்தைக்குப் பழக்கமான உலகம் மற்ற குழந்தைகள்தானே. பெரியவர்கள் முறை வைத்து மாறிக்கொண்டே இருந்தவர்கள்.

புறப்படுவதற்கு முன்பே பெரும்பாலான வேலை முடிந்திருக்கும். சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து வருமானம், உடல்நலம், திருமண வாழ்க்கை எல்லாவற்றையும் விசாரித்து எழுதும் அறிக்கை, கைரேகை, அமெரிக்கக் குடியேற்றத் துறையின் முன் அனுமதி, காவல்துறைச் சான்று. ஒவ்வொரு தாளுக்கும் நோட்டரி முத்திரை, அதற்கு மேல் மாநில அரசின் முத்திரை, அதற்கும் மேல் சீனத் தூதரகத்தின் முத்திரை. இந்தக் கட்டு பெய்ஜிங்கில் உள்ள தத்தெடுப்பு மையத்துக்குப் போகும். எந்தக் குடும்பத்துக்கு எந்தக் குழந்தை என்பதை அங்குள்ள அதிகாரிகள்தான் தீர்மானித்தார்கள். ஒருநாள், குடும்பத்துக்காக ஏற்பாடுகளைக் கவனிக்கும் அமெரிக்கத் தத்தெடுப்பு ஏஜென்சியிலிருந்து தொலைபேசி வரும். பிறகு இரண்டு மூன்று புகைப்படங்கள், எடையும் உயரமும் குறித்த ஒரு மருத்துவத் தாள்.

அதன் பின் பயண அனுமதி. இங்கே ஒரு வேடிக்கை உண்டு. பயணத் தேதியைக் குழந்தையைச் சந்திக்கும் நாளிலிருந்து முன்னோக்கி எண்ண மாட்டார்கள்; குவாங்சூ அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசாவுக்கு நேரம் கிடைத்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவார்கள். பாஸ்போர்ட்டுக்கு இத்தனை நாள், பதிவுக்கு இத்தனை நாள் என்று கழித்துக்கொண்டே வந்தால் விமானம் ஏற வேண்டிய நாள் கிடைக்கும்.

பெரும்பாலும் திங்கட்கிழமை. மாகாணத் தலைநகரில் குடிமை விவகார அலுவலகத்தின் ஓர் அறை, அல்லது தங்கியிருக்கும் ஹோட்டலின் கூடம். ஒரே ஏஜென்சி மூலம் வந்த பல குடும்பங்கள் கேமராவோடு வரிசையாக நிற்கும். மாவட்டத்துக் காப்பகத்திலிருந்து விடியற்காலையிலேயே கிளம்பி, பல மணி நேரம் வேனில் வந்த ஆயாக்கள், அடுக்கடுக்காக உடை போர்த்திய குழந்தைகளோடு உள்ளே வருவார்கள். பெயர் கூப்பிடுவார்கள். கை மாறும். சில நிமிடங்களில் முடிந்துவிடும். அன்று முழுதும் குழந்தை பெற்றோரிடம் இருக்கும்; மறுநாள் வந்து ‘இந்தக் குழந்தையை ஏற்கிறோம், கைவிட மாட்டோம்’ என்று உறுதி சொல்லிக் கையெழுத்தும் கைரேகையும் வைத்தால் தத்து சட்டப்படி முடிந்தது. குழந்தையின் பாதத்தையும் சிவப்பு மையில் தோய்த்து ஒற்றி எடுப்பதுண்டு.

அதே நாளில் காப்பகத்துக்கான நன்கொடையும் கைமாறும். நெடுங்காலம் அது 3,000 டாலர். பின்னாளில் 35,000 யுவான். நோட்டுகள் மடிப்பு, கறை இல்லாமல் புத்தம் புதிதாக இருக்க வேண்டும் என்பதால், வங்கியில் சொல்லிவைத்து வாங்கிய நூறு டாலர் தாள்களை இடுப்புப் பையில் கட்டிக்கொண்டு பசிபிக்கைக் கடந்தவர்கள் பலர். இந்தப் பணத்துக்குப் பிறகு வருகிறேன்.

முதல் இரண்டு மூன்று நாள்களைப் பற்றிப் பெற்றோர் சொல்வதும் குழந்தை மருத்துவர்கள் சொல்வதும் ஒன்றாக இருப்பதில்லை. ‘அழவே இல்லை, என்ன சமத்து’ என்று பெற்றோர் மகிழ்ந்த குழந்தை, மருத்துவர் பார்வையில் அதிர்ச்சியில் உறைந்துபோன குழந்தையாக இருக்கலாம். ஒரு வயதுக் குழந்தைக்கு ஒரே காலையில் முகம், மொழி, வாசனை, படுக்கை, பாலின் சுவை எல்லாமே மாறிவிடுகின்றன. சிலர் தூங்கியே பொழுதைக் கழிப்பார்கள். சிலர் ஒரு கையில் பிஸ்கட்டை இறுகப் பிடித்தபடி, தின்னாமலும் விடாமலும் இருப்பார்கள். அப்பாவையோ அம்மாவையோ ஒருவரை மட்டும் ஏற்று மற்றவரைக் கண்டால் வீறிடுவது மிகச் சாதாரணம்; காப்பகங்களில் ஆண்களைக் காண்பது அரிது என்பதால் இதில் சிரமப்பட்டது பெரும்பாலும் அப்பாக்கள். வளர்ச்சியைப் பொறுத்தவரை, காப்பகத்தில் கழித்த ஒவ்வொரு மூன்று மாதத்துக்கும் ஏறக்குறைய ஒரு மாதம் பின்தங்கியிருக்கும் என்பது இந்தத் துறை மருத்துவர்களின் தோராயக் கணக்கு.

குழந்தையின் சீனப் பாஸ்போர்ட் தயாராகும் வரை அந்த ஊரிலேயே காத்திருக்க வேண்டும். பிறகு குவாங்சூ. சீன நிலப்பகுதியில் அமெரிக்கக் குடியேற்ற விசா தரும் ஒரே இடம் அதுதான் என்பதால், எந்த மாகாணத்தில் தத்தெடுத்தாலும் எல்லாக் குடும்பங்களும் கடைசியில் அங்கே வந்து சேர்ந்தன. முத்து ஆற்றங்கரையில் ஷாமியன் என்று ஒரு சிறு தீவு. அபினிப் போர்களுக்குப் பின் பிரிட்டிஷாரும் பிரெஞ்சுக்காரர்களும் பிடித்து வைத்திருந்த இடம், பழைய ஐரோப்பியக் கட்டடங்களும் ஆலமரங்களும் நிறைந்தது. அமெரிக்கத் துணைத் தூதரகம் நெடுங்காலம் அங்கேதான் இருந்தது. பக்கத்திலேயே 1983இல் திறந்த ஒயிட் ஸ்வான் ஹோட்டல்.

இந்த ஹோட்டலைச் சுற்றி ஒரு தனிப் பொருளாதாரமே வளர்ந்தது. குழந்தை மருத்துவப் பரிசோதனை நடக்கும் இடம் நடை தூரத்தில். கடைகளில் பட்டுச் சட்டைகளும் பெயர் பொறித்த முத்திரைகளும் விற்பார்கள். வாடிக்கையாளரைப் பிடிக்கத் தள்ளுவண்டியை இரவல் கொடுப்பார்கள். ஊர் திரும்புவதற்கு முன், சேர்ந்து வந்த குடும்பங்களின் குழந்தைகளை ஹோட்டல் கூடத்துச் சிவப்பு சோபாவில் வரிசையாக உட்கார வைத்துப் படம் எடுப்பது சடங்காகவே ஆகிவிட்டது. பொம்மைக் கம்பெனியான மேட்டல், பொன்னிறக் கூந்தல் பார்பி ஒரு சீனக் குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் பொம்மையைத் தயாரித்து, அங்கே தங்கிய தத்துக் குடும்பங்களுக்கு மட்டும் கொடுத்தது. அந்தப் பொம்மையைப் பெற்ற குழந்தைகளில் சிலர் இன்று முப்பதை நெருங்குகிறார்கள். அதைப் பற்றி அவர்கள் சொல்வது அவ்வளவு இனிப்பாக இல்லை.

தூதரகத்தில் நடப்பது சிறு காரியம். பல குடும்பங்கள் சேர்ந்து வலக்கையை உயர்த்தி, கொடுத்த விவரங்கள் உண்மை என்று உறுதிமொழி சொல்லும். 2009க்குப் பிறகு இரண்டு வயது தாண்டிய குழந்தைகளுக்குக் காசநோய்ப் பரிசோதனை கடுமையானது. சந்தேகம் வந்தால் பயணம் வாரக்கணக்கில் தள்ளிப்போகும். விசாவோடு முத்திரை வைத்த ஓர் உறை கொடுப்பார்கள், பிரிக்கக் கூடாது. அமெரிக்காவில் முதலில் இறங்கும் விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரி அதைப் பிரிக்கும்போது, வரிசையில் நின்று களைத்த குழந்தை குடியுரிமை பெற்றிருக்கும்.

இதுவரை சொன்னதில் ஓர் ஊர் வரவில்லை. குழந்தை பிறந்த ஊர்.

பதிவு மாகாணத் தலைநகரில் என்று விதி சொன்னதால், குழந்தைதான் அங்கே கொண்டுவரப்பட்டது. பெற்றோர் மாவட்டத்துக்குப் போக வேண்டிய அவசியமே எழவில்லை. சில காப்பகங்கள் கேட்டால் அனுமதித்தன, பல மறுத்தன. குழந்தையைக் கண்டெடுத்த இடம் என்று ஆவணத்தில் ஒரு வரி இருக்கும்: சந்தை வாசல், பள்ளிக் கதவு, பாலத்தடி. கைவிடப்பட்டது என்பதற்கு ஒரு சான்றிதழ். பெற்றவர்களைத் தேடி உள்ளூர்ப் பத்திரிகையில் காப்பகம் கொடுத்த விளம்பரம் ஒன்று, குழந்தையின் மங்கலான படத்தோடு. பெயரில்கூட ஊர்தான் இருக்கும், குலம் இருக்காது. காப்பகத்தின் குழந்தைகள் எல்லோருக்கும் ஊர்ப் பெயரின் ஓரெழுத்தையே குடும்பப் பெயராக வைத்துவிடுவது வழக்கம்.

நேரில் வர வேண்டும் என்ற விதிக்குப் பாதுகாப்பு விதி என்ற மரியாதை உண்டு. தபாலில் பொட்டலம் வாங்குவது போல ஒரு குழந்தையை வாங்க முடியாது, பெற்றோர் வந்து பார்த்து, கையெழுத்திட்டுப் பொறுப்பேற்க வேண்டும் என்பது நியாயமான எண்ணம். அந்த அளவில் அது பலனும் தந்தது: நீண்ட விமானப் பயணத்தில் அந்நியர் மடியில் அழுது கொண்டு போவதைவிட, ஹோட்டல் அறையில் பத்து நாள் புதிய பெற்றோரோடு பழகிவிட்டுப் போவது குழந்தைக்கு நல்லது. ஆனால் வாங்கலும் விற்பனையும் நடக்க வாய்ப்பிருந்த இடம் அந்த அறை அல்ல. அதற்கு ஓராண்டு முன்பு, முந்நூறு கிலோமீட்டர் தள்ளி, ஒரு மாவட்டக் காப்பகத்தின் பின்வாசல். பயணம் எவ்வளவு நீண்டாலும் அங்கே போகவில்லை.

2005 நவம்பரில் ஹூனான் மாகாணத்தின் ஹெங்யாங் பகுதியில் அது வெளியே வந்தது. குவாங்டாங்கிலிருந்து கொண்டுவந்த குழந்தைகளை இடைத்தரகர்களிடம் காசு கொடுத்து வாங்கிய காப்பகங்கள், அவர்களைக் கண்டெடுத்ததாக எழுதி வெளிநாட்டுத் தத்துக்கு விட்டிருந்தன. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் நீதிமன்றம் பலருக்குச் சிறைத் தண்டனை விதித்தது. 2011 மே மாதம் சீனாவின் காய்சின் இதழ் அதே மாகாணத்தின் ஷாவ்யாங் பகுதி பற்றி எழுதியது வேறு விதம்: அனுமதியை மீறிப் பிள்ளை பெற்றதற்கான அபராதத்தைக் கட்ட முடியாத குடும்பங்களிடமிருந்து குடும்பக் கட்டுப்பாட்டு அதிகாரிகளே குழந்தைகளைப் பறித்துக் காப்பகத்தில் சேர்த்திருக்கிறார்கள். கைவிடப்பட்ட குழந்தை என்று சான்றிதழ் சொன்ன சிலர், கைவிடப்படவே இல்லை.

இங்கேதான் அந்த 3,000 டாலர் வருகிறது. 1990களின் தொடக்கத்தில் காப்பகங்கள் உண்மையிலேயே நிரம்பி வழிந்தன. மகன் வேண்டும் என்ற கிராமத்து ஆசையும் ஒரு குழந்தைக் கொள்கையும் சேர்ந்து தள்ளிய பெண் குழந்தைகள். அப்போது அந்தப் பணம் நிலக்கரிக்கும் பாலுக்கும் போயிற்று. உயிர்களைக் காப்பாற்றியது என்றே சொல்லலாம். ஆனால் 2005இல் அமெரிக்கா மட்டுமே ஓராண்டில் 7,900 குழந்தைகளை ஒட்டி எடுத்துக்கொண்டபோது, சீனாவுக்குள் நிலைமை மாறிக்கொண்டிருந்தது. வருமானம் உயர்ந்தது, கைவிடுவது குறைந்தது, உள்நாட்டிலேயே தத்தெடுக்க ஆள் வந்தார்கள். வெளிநாட்டுக் கோப்புகள் குவிய, காப்பகங்களில் நலமான கைக்குழந்தைகள் அருகினார்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் தொகை நிர்ணயித்த பிறகு, குழந்தைகள் குறைந்தால் எவராவது தேடிக் கொண்டுவருவார்கள். இதைக் கணிக்கப் பொருளாதார அறிஞராக இருக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஏஜென்சிகள் நீண்டகாலம் ஹெங்யாங்கை ஒரு விதிவிலக்கு என்றே பேசின.

2007இல் பெய்ஜிங் தகுதிகளை இறுக்கியது: திருமணமானவர்கள் மட்டும், உடல் பருமனுக்கு வரம்பு, வருமானத்துக்கும் சொத்துக்கும் கீழ்வரம்பு. வரிசை மட்டும் நகரவில்லை. 2006இல் கோப்பு பதிந்தவர்களில் பலர் ஏழு ஆண்டு தாண்டியும் காத்திருந்தார்கள். பயணத்தின் தன்மையும் மாறியது. பிந்தைய ஆண்டுகளில் குவாங்சூவுக்கு வந்த குழந்தைகளில் பெரும்பாலோர் பிளவுபட்ட உதடு, இதயக் குறைபாடு, கை கால் குறைபாடு உள்ளவர்கள். ஆண் குழந்தைகளும் நிறைய. பெற்றோரின் பையில் பொம்மைகளோடு இதய மருத்துவரின் குறிப்பும் இருந்தது. 2019இல் அமெரிக்காவுக்குப் போனவர்கள் 819 பேர். 2020 தொடக்கத்தில் கொரோனாவோடு எல்லாம் நின்றது. 2022 அக்டோபர் முதல் 2023 செப்டம்பர் வரை தூதரகம் கொடுத்த விசா வெறும் 16. 2024 அறிவிப்பு வந்தபோது, குழந்தையின் படத்தை வீட்டுச் சுவரில் மாட்டிவிட்டு நான்காண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்த குடும்பங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. இனிப் பயணம் இல்லை.

வேறு பயணம் ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. வளர்ந்துவிட்ட பிள்ளைகள், தனியாகவோ வளர்த்த பெற்றோரோடோ, இந்த முறை மாகாணத் தலைநகரில் நிற்காமல் மாவட்டம் வரை போகிறார்கள். சந்தை வாசலில் சுவரொட்டி ஒட்டுகிறார்கள், ஓய்வுபெற்ற ஆயாக்களைத் தேடுகிறார்கள். குழந்தையைக் கைவிடுவது சீனாவில் குற்றம் என்பதால் பெற்றவர்கள் வெளியே வரத் தயங்குகிறார்கள். காணாமல்போன குழந்தைகளுக்காகச் சீனக் காவல்துறை 2009இல் தொடங்கிய டிஎன்ஏ தரவுத்தளத்தில் பிள்ளையைத் தேடும் பெற்றோர் இரத்தம் கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் வளர்ந்தவர்கள் எச்சில் மாதிரியைப் பெரும்பாலும் அமெரிக்கத் தனியார் நிறுவனங்களிடம் கொடுக்கிறார்கள். இரண்டு பட்டியல்களும் ஒன்றோடொன்று பேசுவதில்லை. இரண்டுக்கும் நடுவே ஓடுவது தன்னார்வலர்கள்தான்: சோதனைக் குச்சிகளைப் பையில் போட்டுக்கொண்டு கிராமம் கிராமமாகப் போய், ‘அந்த ஆண்டு உங்கள் வீட்டில் ஒரு பெண் குழந்தை இருந்ததா’ என்று கேட்கிறார்கள்.